உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர்

எங்கள் வீட்டில் எதுவும் சும்மா விழாது. கரண்டி விழுந்தால் யாரோ பசியோடு வருகிறார்கள். கண்ணாடி விழுந்தால் வீட்டில் ஒருவருக்குக் கண்டம். பால் பொங்கி அடுப்பு அணைந்தால் கெட்ட சேதி. செருப்பு கவிழ்ந்து கிடந்தால் சண்டை. அந்தச் சண்டை பெரும்பாலும் செருப்பைக் கவிழ்த்தது யார் என்பதிலேயே தொடங்கிவிடும். இத்தனைக்கும் நாங்கள் ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற வேதக்காரக் குடும்பம். அனுமந்தன்பட்டியில் எங்கள் தெரு முழுக்க அப்படித்தான். சகுனம் பார்ப்பது பாவம் என்று சாமியார் பிரசங்கத்தில் சொல்லுவார். எல்லாத் தலையும் ஆடும். பூசை முடிந்து வெளியே வரும்போது பூனை ஒன்று குறுக்கே போனால் அதே தலைகள் அப்படியே நின்றுவிடும், முதலில் யாராவது தாண்டிப் போகட்டும் என்று.

எங்கள் வீட்டில் இதற்கெல்லாம் தலைமை என் வீட்டுக்காரரின் அக்கா. நான் மதினி என்று கூப்பிடுவேன். அவருடைய வீட்டுக்காரர் மலைக்கு ஜீப் ஓட்டினவர். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்களை விடிகாலையில் ஏற்றிக்கொண்டு போய்ச் சாயங்காலம் இறக்கிவிடுவார். ஒரு நாள் கிளம்பும்போது அவருக்கு நிலைப்படியில் கால் தடுக்கியது. கையைச் சுவரில் ஊன்றி விழாமல் தப்பினார். மதினி சிரித்தாராம். என்ன, இன்னும் தூக்கம் தெளியலையா என்று கேலி செய்தாராம். அவரும் சிரித்துக்கொண்டே போய் வண்டியை எடுத்தார். அன்றைக்கு மலையேறுகிற மெட்டுச் சாலையில் வண்டி உருண்டது. உள்ளே இருந்த பெண்கள் கை முறிந்தும் கால் முறிந்தும் பிழைத்தார்கள். அவர் பிழைக்கவில்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று ஊர் சொன்னது. போலீசும் அதைத்தான் சொன்னது. மதினிக்கு மட்டும் காரணம் நிலைப்படிதான். கால் தடுக்கினவரை உள்ளே கூப்பிட்டு, உட்கார வைத்து, ஒரு வாய் தண்ணீர் கொடுத்து அனுப்பியிருக்க வேண்டும். தான் சிரித்துவிட்டோம் என்பதுதான் அவருக்குள் நின்றுபோனது.

அதன் பிறகு மதினி தம்பி வீட்டுக்கே வந்துவிட்டார். கூடவே அந்தச் சட்டமும் வந்தது. எங்கள் வீட்டில் யாருக்காவது வாசலில் கால் தடுக்கினாலும், நிலையில் தலை இடித்தாலும், கிளம்பும்போது சேலை ஆணியில் மாட்டினாலும் திரும்பி வந்து உட்கார வேண்டும். மதினி கொடுக்கிற தண்ணீரைக் குடிக்க வேண்டும். நெற்றியில் அவர் சிலுவை போட்டுவிட்ட பிறகுதான் நகர முடியும். கரண்ட் பில் கட்டப் போகிறவருக்கும் அதே சட்டம்தான், கல்யாணத்துக்குப் போகிறவருக்கும் அதே சட்டம்தான். பஸ் போனாலும் போகட்டும்.

நான் சின்னமனூர்க்காரி. வீட்டிலேயே மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறேன். என் வேலையில் ஊசி ஒடியாத நாள் கிடையாது. அதற்கெல்லாம் கலங்கினால் நான் தினமும் செத்துத் தினமும் பிழைக்க வேண்டும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும், வாயும் கொஞ்சம் நீளம். கல்யாணமாகி வந்த புதிதில் மதினியிடம் நேராகவே கேட்டிருக்கிறேன், சாமியை நம்புகிறீர்களா, சகுனத்தை நம்புகிறீர்களா, ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்று. அவர் கோபப்படவே இல்லை. சாமி நல்லவரு, அவரு மன்னிப்பாரு, இது மன்னிக்காது என்றார்.

போதாக்குறைக்கு எங்கள் பள்ளத்தாக்கில் காற்று. மலை இடுக்கு வழியாகப் புறப்பட்டு வருகிற காற்று வைகாசி முடிவில் பிடித்தால் ஆவணி வரை ஓயாது. வாழையைச் சாய்க்கும், தகரத்தைப் பெயர்க்கும், சாத்தின கதவைத் திறந்து திறந்த கதவை அறையும். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் எத்தனை சகுனம் நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி அணைந்தால் மதினி நெஞ்சில் கை வைப்பார். நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவேன். எனக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் மகன் பிறந்தது என் வயிற்றில், வளர்ந்தது மதினியின் இடுப்பில். நான் மிஷினில் உட்கார்ந்தால் எழ நேரமாகும். அவனுக்குச் சோறு ஊட்டுவது, கால் கழுவுவது, தூங்க வைப்பது எல்லாம் அவர்தான். அவனுக்கு ஐந்து வயது நடக்கும்போது அடிவயிற்றில் தொடைப் பக்கமாக ஒரு புடைப்பு தெரிந்தது. அழுதால் வரும், படுக்க வைத்தால் போய்விடும். அதை முதலில் பார்த்ததும் குளிப்பாட்டிக்கொண்டிருந்த மதினிதான். தேனியில் காட்டினோம். குடலிறக்கம் என்றார்கள். சின்ன ஆபரேஷன்தான், ஆனால் தள்ளிப் போடாதீர்கள், ஒரு நாள் குடல் அதில் மாட்டிக்கொண்டால் பிள்ளைக்கு ஆபத்து என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்ட நாளிலிருந்து அவன் அழ ஆரம்பித்தால் போதும், எனக்குக் கை கால் ஓடாது. முந்தின இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளை வாயில் எதுவும் படக்கூடாது, மயக்க மருந்து கொடுக்கிறோம் என்று அழுத்திச் சொல்லி அனுப்பினார்கள்.

மதினி அதைத் தன் பாஷையில் புரிந்துகொண்டார். பிள்ளைக்கு அன்றைக்கு ஒருசந்தி என்று தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருசந்தி என்பது தவக்காலத்தில் நாங்கள் இருக்கிற விரதம். என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பெயர் எதுவானால் என்ன, பிள்ளைக்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று தெரிந்திருக்கிறதே, அது போதும் என்று விட்டுவிட்டோம்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்த வாரத்தில் வீட்டில் வரிசையாக ஆரம்பித்தது. பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. முகம் பார்க்கிற கண்ணாடி ஆணியோடு பெயர்ந்து விழுந்து உடைந்தது. காற்று என்றேன் நான். அடுத்த நாள் பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உத்தரத்திலிருந்து பல்லி அவன் தலையில் விழுந்து தோளில் ஓடிக் குதித்தது. அவன் சிரித்தான். மதினிக்கு முகத்தில் ஈயாடவில்லை. கோயிலில் தருகிற காலண்டரில் புனிதர்கள் திருநாள்தான் இருக்கும், பல்லி இருக்காது. அதனால் பக்கத்து மளிகைக் கடையில் தொங்குகிற தினசரிக் காலண்டரின் பின்பக்கத்தைப் பார்க்கப் போனார். திரும்பி வந்து என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஆனால் சாயங்காலம் நூல் வாங்கப் போன சாக்கில் நானும் அந்தக் காலண்டரைத் திருப்பிப் பார்த்தேன். தலை என்ற இடத்துக்கு நேராக நல்லதாக ஒன்றும் போட்டிருக்கவில்லை. சே, என்ன பொம்பளை நான் என்று என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு இரண்டு ரவிக்கைக்கு இடக்கை வலக்கை மாற்றித் தைத்தேன்.

ஆபரேஷன் நாள் விடிந்தது. வாடகைக் கார் வாசலில் வந்து நின்றது. பிள்ளை தூக்கக் கலக்கத்தில் நடந்து வந்து, நிலைப்படியில் பெருவிரல் இடித்து அப்படியே முகம் குப்புற விழுந்தான். உதட்டில் பல் பட்டு ரத்தம். அழுகை. நான் ஓடிப்போய் முதலில் பார்த்தது உதட்டை இல்லை, அடிவயிற்றை. புடைத்திருந்தது. மடியில் கிடத்தித் தடவித் தடவி உள்ளே போக வைத்தேன். எனக்கு வியர்த்துவிட்டது. நிமிர்ந்தால் மதினி செம்போடு நிற்கிறார்.

“ஒரு நிமிசம் உக்காரட்டும்த்தா. ஒரே ஒரு வாய் தண்ணி. தொண்டைய நனைச்சா போதும்.”

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆத்திரம் வந்ததோ. வாயில் எதுவும் படக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள், உங்கள் சகுனத்துக்காக என் பிள்ளையைக் கொல்லப் பார்க்கிறீர்களா என்று கத்தினேன். எதிர் வீட்டில் விளக்குப் போட்டார்கள். மதினி செம்பைக் கீழே வைத்துவிட்டு வந்து காரில் ஏறினார். உத்தமபாளையம் தாண்டியது, சின்னமனூர் தாண்டியது, வீரபாண்டியும் தாண்டியது. மதினி ஜெபமாலையை இறுக்கிப் பிடித்திருந்தார், உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. பிள்ளை அவர் மடியில் தலை வைத்துப் பசிக்குது அத்தை, பசிக்குது அத்தை என்று அனத்திக்கொண்டு வந்தான்.

ஆஸ்பத்திரியில் ஒரு கவுண்டரிலிருந்து இன்னொரு கவுண்டருக்கு எங்களை அலைய விட்டார்கள். இங்கே கையெழுத்து, அங்கே கையெழுத்து. நானும் என் வீட்டுக்காரரும் அலைந்தோம். பிள்ளை மதினியோடு மாடிப்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். திரும்பி வந்தபோது அழுகையெல்லாம் ஓய்ந்து சமர்த்தாக இருந்தான். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா வந்து, பிள்ளை காலையிலிருந்து ஏதாவது சாப்பிட்டானா, குடித்தானா என்று கேட்டார். ஒன்றுமே இல்லை என்று நான் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். காலையில் அந்தச் செம்பைத் தடுத்தவள் நானல்லவா. பச்சைச் சட்டை மாட்டி அவனை உள்ளே தூக்கிப் போனார்கள். கதவைச் சாத்தினார்கள். என் வீட்டுக்காரரை ஏதோ மருந்து வாங்கி வரச் சொன்னார்கள், அவர் கீழே போனார். நானும் மதினியும் வெளியே நாற்காலியில் உட்கார்ந்தோம்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. திடீரென்று சடசடவென்று சத்தம். மதினி இழுத்த இழுப்பில் ஜெபமாலை அறுந்து மணியெல்லாம் தரையில் உருண்டது. நாற்காலிக்கு அடியில், சுவரோரம், நடந்து போகிறவர்கள் காலுக்குள்ளெல்லாம் ஓடியது. நூல் இற்றுப்போச்சு மதினி, வேறு ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே நான் குனிந்து பொறுக்க ஆரம்பித்தேன். அவர் குனியவில்லை. அறுந்த நூலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான் தலையை நிமிர்த்தினேன். அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“ஏத்தா… நான் அவனுக்கு ரொட்டி குடுத்துட்டேன்.”

எனக்குப் புரியவில்லை. என்ன ரொட்டி, எப்போது என்று கேட்டேன். நாங்கள் கையெழுத்துப் போட அலைந்தபோது. செவ்வாய்க்கிழமை நவநாள் பூசையில் மந்திரித்துத் தருகிற பன்ரொட்டி. முந்தானையில் முடிந்து கொண்டு வந்திருக்கிறார். தடுக்கி விழுந்த பிள்ளையைப் பரிகாரம் இல்லாமல் உள்ளே அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. மாடிப்படியில் உட்கார வைத்து ஒரு வாய் தண்ணீர் கொடுத்திருக்கிறார். அதோடு ஒரு துண்டு ரொட்டியை நனைத்து வாயில் வைத்திருக்கிறார். பசியில் இருந்த பிள்ளை கையை நீட்டி நீட்டி முழு ரொட்டியையும் தின்றிருக்கிறது. தண்ணி ஒருசந்தியை முறிக்காதுத்தா, பூசையில நன்மை அப்பம் வாங்கப் போறப்பகூடக் குடிக்கலாம்னு சாமியாரே சொல்லியிருக்காக, ரொட்டியும் சாப்பாடு இல்லத்தா, அது மந்திரிச்சது என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். பாதியைத்தான் நான் கேட்டேன். கையிலிருந்த மணியையெல்லாம் போட்டுவிட்டு அந்தக் கதவுக்கு ஓடினேன்.

கதவை இரண்டு கையாலும் அறைந்தேன். முகமூடி போட்ட ஒரு சிஸ்டர் பாதிக் கதவைத் திறந்து, ஏம்மா இப்படி என்று கோபமாக ஆரம்பித்தாள். பிள்ளை சாப்பிட்டிருக்கான் என்றேன். ரொட்டி, கொஞ்ச நேரம் முன்னால் என்றேன். அந்தப் பெண்ணின் கண் மாறியது. மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் திரும்பி உள்ளே ஓடினாள். ஆஸ்பத்திரியில் அவர்கள் சும்மா ஓட மாட்டார்கள்.

கதவு சாத்தியே இருந்தது. மருந்து கொடுத்துவிட்டார்களா இல்லையா என்று தெரியவில்லை. கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்றும் தெரியவில்லை. உள்ளேயிருந்து சத்தமே இல்லை. அழுதால் குடல் மாட்டிக்கொள்ளும் என்று அத்தனை நாளாக அவன் அழுகைக்குப் பயந்து கிடந்தவள், இப்போது ஒரே ஒரு தடவை அழுதுவிடுடா என்று அந்தக் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை.

அப்போது எனக்கு நடந்ததை எப்படிச் சொல்வது. வராண்டாவில் ஒரு டியூப் லைட் விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. அது அணைந்துவிடக் கூடாதே என்று பார்த்தேன். எங்கோ சுவரில் பல்லி சத்தம் போட்டது. எந்தத் திசை என்று திரும்பிப் பார்த்தேன். கதவுக்கு வெளியே விட்டிருந்த செருப்புகளில் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. யாருடையதோ தெரியாது. குனிந்து அதை நிமிர்த்தி வைத்தேன். பிறகு மண்டியிட்டு மணிகளைப் பொறுக்க ஆரம்பித்தேன். எல்லா மணியும் கிடைத்துவிட்டால் பிள்ளை பிழைத்துவிடுவான் என்று எனக்குள்ளே ஏதோ ஒன்று சொல்லியது. ஊசி ஒடிந்தால் சிரிக்கிறவள், காற்று என்று ஜன்னல் சாத்துகிறவள், தரையில் தவழ்ந்து முன்பின் தெரியாதவர்களின் காலை நகர்த்தச் சொல்லி மணி பொறுக்கிக்கொண்டிருந்தேன். சிலுவை மட்டும் கிடைக்கவில்லை. நாற்காலிக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. என் மகன் டாக்டரம்மாவின் தோளில் கிடந்தான். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும் வாய் கோணி ஓவென்று அழுதான். அந்த அழுகையைக் கேட்டதும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

முன்னால் போன ஆபரேஷன் முடிய நேரமாகிவிட்டதாம். அதனால் இவனைப் படுக்க வைத்துக் கையில் ஊசி குத்தி வைத்திருந்தார்கள், மருந்து ஏற்றவில்லை. ஏற்றப் போகிற நேரத்தில் சிஸ்டர் ஓடியிருக்கிறாள். டாக்டரம்மா எங்களைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. மயக்கத்தில் வயிற்றிலிருக்கிறது மேலே ஏறி நுரையீரலுக்குள் போயிருந்தால், என்று ஆரம்பித்தவர் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே பேச்சை நிறுத்திவிட்டார். பிறகு மதினியைப் பார்த்து, ஏம்மா கொடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டார். அது சாப்பாடு இல்லம்மா, மந்திரிச்சது என்றார் மதினி. டாக்டரம்மா பிள்ளையை என் கையில் கொடுத்தார். மூன்று நாள் கழித்து வரச் சொன்னார்.

கீழேயிருந்து மருந்துப் பையோடு வந்த என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டார். கார் தேனியைத் தாண்டியதும் முன் சீட்டிலிருந்து திரும்பினார்.

“மாமா போனது பத்தலையா ஒனக்கு? இவனையும் அனுப்பிட்டு உக்காந்து தண்ணி குடிப்பியா?”

கார் ஓட்டுகிறவர்கூடக் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். எனக்கே சுரீரென்றது. என் வீட்டுக்காரர் அப்படிப் பேசுகிறவர் இல்லை, பயம் அவரை அப்படிப் பேச வைத்தது. மதினி அழவில்லை. மடியில் கிடந்த பிள்ளையை மெதுவாகத் தூக்கி என் மடியில் வைத்தார். வைத்துவிட்டுக் கதவோரமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

அந்த மூன்று நாளும் அவர் பிள்ளையைத் தொடவில்லை. சோற்றைப் போட்டு என் பக்கம் தள்ளிவிடுவார். அவன் போய்க் காலைக் கட்டிக்கொண்டால், போய்யா, அம்மாட்டப் போ என்பார். இரவு என் தையல் மிஷின் இருக்கிற அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். வீட்டில் யாராவது வெளியே கிளம்பினால் எதிரே வந்துவிடக் கூடாதென்று கொல்லைப் பக்கம் போய் நிற்பார். என் வீட்டுக்காரர் ஒரு நாள் திராட்சைத் தோட்டத்துக்குக் கிளம்பும்போது வாசலில் கால் தடுக்கினார். வேண்டுமென்றே ஒரு நொடி நின்றார் என்று எனக்குத் தோன்றியது. உள்ளேயிருந்து குரல் வரவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். முன்பெல்லாம் கரண்டி விழுந்தாலும் ஏதாவது சொல்லுகிற வீட்டில், இப்போது எது விழுந்தாலும் விழுந்த சத்தம் மட்டும்தான். அது எனக்குப் பிடிக்கவில்லை. மதினியிடம் ஏதாவது பேச வேண்டும் என்று நினைப்பேன். ஆனால் அந்த ஆபரேஷன் முடியட்டும், முடியட்டும் என்று என் பயம் என்னைப் பேசவிடவில்லை. ஜெபமாலை அறுந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் குழப்பம்தான். இற்றுப்போன நூல் அறுந்தது, அவ்வளவுதான். ஆனால் அது அறுந்திருக்காவிட்டால் அவர் வாயைத் திறந்திருப்பாரா?

இரண்டாவது தடவை கிளம்பின அன்றைக்கு ஒன்றுமே நடக்கவில்லை. காற்றுகூட இல்லை. பால் பொங்கவில்லை, எதுவும் விழவில்லை, நாய்கூடக் குரைக்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. பிள்ளையை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு நிலைப்படியைத் தாண்டினேன். யாராவது கேட்டிருந்தால் அவனுக்குத் தூக்கம் என்று சொல்லியிருப்பேன். மதினி வருவதாக இல்லை. பிள்ளைதான் காருக்குள் ஏறாமல், அத்தை வந்தாத்தான் வருவேன் என்று அழ ஆரம்பித்தான். அவன் அழக் கூடாதே. என் வீட்டுக்காரர் கொல்லைப் பக்கம் போய், அக்கா வா என்றார். அந்த ஒரு சொல்தான். மதினி வந்தார். கையில் ஒன்றுமில்லை. ஜெபமாலையும் இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அதே கேள்வியைக் கேட்டார். நான் இல்லை என்று சொல்வதற்குள் மதினி தன் துணிப்பையைக் கவிழ்த்து உதறிக் காட்டினார். எங்கிட்ட ஒண்ணும் இல்லம்மா, ராத்திரியிலேர்ந்து அவன் பக்கத்துலயே போகல என்றார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றுமில்லை. மத்தியானம் வார்டில் பிள்ளை கண் விழித்தான். உதடு காய்ந்திருந்தது. தண்ணி என்றான். சிஸ்டர் வந்து பார்த்துவிட்டு, இனிமேல் கொடுக்கலாம், முதலில் ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் டம்ளரில் ஊற்றி ஸ்பூனை அவன் வாயருகே கொண்டு போனேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அத்தை என்றான்.

மதினி வார்டுக் கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். பிள்ளையை வார்டுக்குக் கொண்டு வந்ததிலிருந்து அங்கேதான் நின்றார், அதற்கு மேல் உள்ளே வரவில்லை. பிள்ளை மறுபடியும் அத்தை என்றான். அவர் இரண்டு அடி வைத்து வந்தார். கையைச் சேலைக்குள் சுருட்டிக்கொண்டு, அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். அந்த வீட்டுக்கு நான் வந்த நாளிலிருந்து எதற்கும் என்னிடம் கேட்டு நடந்தவர் இல்லை அவர். பிறந்த அன்று அவன் வாயில் முதல் சொட்டுச் சீனித் தண்ணீர் வைத்ததும் அவர் கைதான்.

“குடுக்கவா?” என்றார்.

வேண்டாம் என்று ஒரு பயம் உள்ளே எழும்பியது, பொய் சொல்ல மாட்டேன். டம்ளரை அவர் கையில் கொடுத்தேன். குடுங்க மதினி என்றேன். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ஸ்பூனில் மொண்டு, சிந்தாமல் அடியில் இன்னொரு கையை ஏந்திக்கொண்டு அவன் வாயில் விட்டார். அவன் விழுங்கினான். நாங்கள் இரண்டு பேரும் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு ஸ்பூனும் உள்ளே இறங்கி முடிகிற வரை அவர் அடுத்ததை மொள்ளவில்லை. நானும் மூச்சு விடவில்லை.